மாம்பழக் கொழுக்கட்டைக்கு அல்போன்சாவா, பெங்களூராவா?

1 ஜூன் 2025 – காவேரிப்பட்டினம் வாசகி ஒருவரின் கேள்வி

அக்கா, ஆஸ்திரியா நாட்டில் முழு ஆப்ரிகாட் பழத்தை மாவுக்குள் பொதிந்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூளில் புரட்டிச் சாப்பிடுகிறார்கள் என்று நீங்கள் முன்பு ஒரு முறை எழுதியிருந்தீர்கள். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பழத்துக்கா பஞ்சம் என்று நல்ல அல்போன்சா வாங்கி, துண்டு போட்டு, சர்க்கரையில் பிசறி, பச்சரிசிச் சொப்புக்குள் வைத்து அவித்துப் பார்த்தேன். இட்லிப் பானையைத் திறந்தபோது பாதிக்கு மேல் வாய் பிளந்து, சாறு துணி முழுவதும் ஓடியிருந்தது. உடையாமல் வந்தவையும் ஒன்றுக்கு மேல் சாப்பிட முடியாதபடி திகட்டின. விலை உயர்ந்த பழமே இப்படியென்றால் வேறு எந்தப் பழம் சரிப்படும்? அல்லது நம் கொழுக்கட்டைக்கு இந்த முறையே ஒத்துவராதா?

2 ஜூன், காலை – என் பதில்

முறை நன்றாகவே ஒத்துவரும். மாற்ற வேண்டியது பழத்தை. அல்போன்சாவை விட்டுவிட்டுப் பெங்களூராவை (கிளிமூக்கு மாம்பழத்தை) எடுங்கள். அதுவும் முழுக்கப் பழுத்ததை அல்ல, செங்காய்ப் பருவம் தாண்டி, தோலில் மஞ்சள் ஏறி, விரலால் அழுத்தினால் சற்றே விட்டுக்கொடுக்கும் பழத்தை.

காரணம் இதுதான். ஆஸ்திரியர்கள் பொதியும் ஆப்ரிகாட் புளிப்பும் மணமும் கலந்த பழம். வேகும்போது அதன் புளிப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும். அதனால்தான் அவர்கள் கொட்டையை எடுத்துவிட்டு, அந்தக் குழிக்குள் ஒரு சர்க்கரைக் கட்டியை வைத்து மூடுகிறார்கள். மேலே இருக்கும் மாவில் இனிப்பே கிடையாது. உப்பு மட்டும் உண்டு. அதற்கும் மேலே நெய்ப்பசையும் மொறுமொறுப்புமாக இனிப்பு கலந்த ரொட்டித் தூள். உள்ளே புளிப்பு, நடுவே சாது, வெளியே இனிப்பு என்ற இந்த அடுக்குதான் அந்தப் பண்டத்தின் உயிர். நம் பூரணக் கொழுக்கட்டையோ உள்ளே இனிப்பு, வெளியே சாது என்ற இரண்டடுக்கில் முடிந்துவிடுகிறது. இரண்டையும் சேர்க்க விரும்பினால் உள்ளே வைக்கும் பழத்தில் புளிப்பு இருந்தே தீர வேண்டும். அல்போன்சாவையும் இமாம் பசந்தையும் மல்கோவாவையும் அப்படியே கையில் பிடித்துச் சாப்பிடுவதுதான் அவற்றுக்குச் செய்யும் மரியாதை.

2 ஜூன், இரவு

சாறு ஓடியதைப் பற்றிக் காலையில் எழுத மறந்துவிட்டேன். நறுக்கிய பழத்தைச் சர்க்கரையில் பிசறி வைத்தால், சர்க்கரை பழத்திலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். நீங்கள் சொப்புப் பிடித்து முடிப்பதற்குள் கிண்ணத்தில் பாதி சாறாகத்தான் இருந்திருக்கும். ஆகவே பழத்தோடு சர்க்கரையை முன்கூட்டிக் கலக்கவே கூடாது.

அவர்களுடைய சர்க்கரைக் கட்டிக்கு ஈடாக நம்மிடம் அதைவிடப் பொருத்தமான ஒன்று இருக்கிறது: டைமண்டு கற்கண்டு. பழத்துண்டை ஒரு அங்குலக் கனத்துக்கு வெட்டி, நடுவில் கத்தி நுனியால் சிறு பிளவு கீறி, அதற்குள் ஒரே ஒரு கற்கண்டை அழுத்திவிடுங்கள். கற்கண்டு மெதுவாகக் கரைவதால் மாவு வெந்து இறுகும் வரை அதிகம் நீர் விடாது. வெந்து முடிவதற்குள் கரைந்து பழத்துக்குள்ளேயே பாகாகிவிடும்.

5 ஜூன்

இன்னொரு வாசகர், இந்த ஆஸ்திரியப் பண்டத்தை நேரில் பார்த்துத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். பார்த்தது மட்டுமல்ல, பக்கத்தில் நின்று செய்து பழகியும் இருக்கிறேன். என் கணவரின் வேலை காரணமாகச் சில ஆண்டுகள் வியன்னாவில் இருந்தோம். எங்களுக்கு எதிர் வீட்டில் இருந்த மூதாட்டி, ஜூலை மாதம் வந்துவிட்டால் கூடை கூடையாக ஆப்ரிகாட் வாங்குவார். மெல்க் என்ற ஊருக்கும் கிரெம்ஸ் என்ற ஊருக்கும் இடையில் தன்யூப் நதி ஓடும் பள்ளத்தாக்குக்கு வாகாவ் என்று பெயர். அந்தப் பகுதிப் பழத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பு (நம் புவிசார் குறியீடு போன்றது) உண்டு. அது வருவது சில வாரங்கள்தான். நம் தோப்புகளில் மே மாதம் பிறந்தால் எப்படி ஊரே மாம்பழத்தையே நினைத்துக்கொண்டு திரிகிறதோ, அங்கும் அந்தச் சில வாரங்கள் அப்படித்தான் போகும்.

அந்த அம்மையார் உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் தோலுரித்து, துளைகள் கொண்ட அழுத்தியில் பிழிந்து, மேசை மேல் பரப்பி ஆவி போக விடுவார். ஆவி போகாத கிழங்கு மாவை அதிகம் குடிக்கும், மாவு கூடினால் பண்டம் கல்லாகும் என்பது அவர் எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம். பிறகு கொஞ்சம் கோதுமை மாவு, ரவை, வெண்ணெய், முட்டை மஞ்சள் கரு, உப்பு. பிசைவது இரண்டு நிமிடம்கூட இருக்காது. அதிகம் பிசைந்தால் கிழங்கு பசையாகிவிடும். ஒவ்வொரு பழத்தையும் துணியால் துடைத்துவிட்டுத்தான் பொதிவார். ஈரப் பழத்தில் மாவு ஒட்டாது, ஒட்டாத இடத்தில் ஆவி தங்கி உடைத்துவிடும் என்பார். உப்பு போட்ட நீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, நீர் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும் நிலையில் உருண்டைகளை இறக்குவார். பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்தில் அவை மிதந்து திரும்பும்.

இதையெல்லாம் விரிவாக எழுதுவதற்குக் காரணம், நம் கொழுக்கட்டை உடையும் காரணங்களும் இவையேதான். ஈரப் பழம், உள்ளே அகப்பட்ட காற்று, முரட்டுக் கொதி.

6 ஜூன்

அரிசி மாவை எப்படிப் பிசைவது என்று கேட்டவர்களுக்கு.

கோதுமையில் உள்ள இழுபசை அரிசியில் கிடையாது. அதனால் பச்சை மாவைக் குளிர்ந்த நீரில் பிசைந்து எவ்வளவு அழகாகச் சொப்புச் செய்தாலும் அது வெடிக்கும். மாவின் ஒரு பகுதியாவது கொதிநீரில் வெந்து பசையாக வேண்டும். அந்தப் பசைதான் மீதி மாவைப் பிடித்து வைக்கிறது. ஒரு டம்ளர் மாவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை டம்ளர் தண்ணீர் வரை பிடிக்கும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி இடித்த அல்லது அரைத்த ஈர மாவானால் குறைவாகவும், கடையில் வாங்கும் உலர்ந்த மாவானால் அதிகமாகவும் கேட்கும். தண்ணீரில் உப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டுத் தளதளவென்று கொதிக்கும்போது அடுப்பை அணைத்து, மாவைத் தூவிக் கிளறி, மூடி வைத்துவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். ஆறிய பிறகு பிசைந்தால் விரிசல் நிச்சயம்.

பழம் வைப்பதற்கு வழக்கமான பூரணச் சொப்பைவிடச் சற்றுக் கனம் வேண்டும். நான் நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு வைக்கிறேன். விளிம்பைச் சேர்க்கும் முன் பழத்தைச் சுற்றி மாவை அழுத்தி, காற்று முழுவதையும் வெளியேற்றிவிட வேண்டும். இட்லிப் பானையில் ஆவி நன்றாக எழும்பிய பிறகு வைத்து, எட்டு நிமிடம் அவித்தால் போதும். மாவு பளபளத்து, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் இருந்தால் இறக்கிவிடலாம். அதற்கு மேல் வைத்தால் உள்ளே பழம் கொதிக்கத் தொடங்கும். பிறகு யார் தடுத்தாலும் வாய் திறக்கும்.

6 ஜூன், சற்றுப் பின்

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடை மாவுக்கு, ஒரு டம்ளருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் ஜவ்வரிசியைப் பொடித்துச் சேர்த்தால் சொப்பு நன்றாக வளைந்து கொடுக்கிறது. ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து வருவது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பயிராகும் கிழங்குதான். அந்த மாவு வெந்தால் கண்ணாடி மாதிரித் தெளிந்து, இழுபட்டு நிற்கும். உள்ளே இருக்கும் பழத்தின் மஞ்சள் நிறம் சொப்பின் வழியே மங்கலாகத் தெரிவதும் இதனால்தான்.

10 ஜூன்

பெரியவர் ஒருவர் சற்றுக் கோபத்தோடு எழுதியிருக்கிறார். கொழுக்கட்டை பிள்ளையாருக்கு உரிய பண்டம், அதில் ஐரோப்பியப் பழக்கத்தைக் கொண்டுவந்து கலப்பது தேவைதானா, இருப்பதை ஒழுங்காகச் செய்தால் போதாதா என்பது அவர் கேள்வி. அவருடைய அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் சொல்வதை ஏற்க முடியவில்லை.

ஐயா, நம் மாவட்டத்து அடுப்படியையே பாருங்கள். சதுர்த்தி அன்று ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னட வீடுகளில் கடுபு வேகிறது. தெலுங்கு வீடுகளில் குடுமுலும் உண்டராள்ளும் வேகின்றன. நம் வீடுகளில் மோதகமும் உப்புக் கொழுக்கட்டையும். என் மாமியார் ஓசூர்ப் பக்கம் பிறந்தவர். அவர் செய்யும் கடுபின் மடிப்பும் நான் என் அம்மாவிடம் கற்ற கொழுக்கட்டையின் பூரணமும் சேர்ந்ததுதான் எங்கள் வீட்டுச் சதுர்த்திப் பண்டம். அதைக் கலப்பு என்று யாரும் குறை சொன்னதில்லை, ஏனென்றால் கலந்து நெடுநாளாகிவிட்டது.

அந்தப் பக்கமும் அப்படியே. வியன்னாவின் மாவுப் பண்டங்களில் பலவும் பொஹீமியாவிலிருந்து, அதாவது இன்றைய செக் நாட்டுப் பகுதியிலிருந்து, அந்நகரத்து வீடுகளுக்குச் சமையல் வேலைக்கு வந்த பெண்களோடு வந்து சேர்ந்தவை. செக் நாட்டில் இதே பழ உருண்டையை ஈஸ்ட் போட்டுப் பொங்கிய மாவிலும் செய்கிறார்கள், தயிர்ப்பாலாடைக் கட்டி சேர்த்த மாவிலும் செய்கிறார்கள். மேலே கசகசாவும் சர்க்கரையும் உருக்கிய வெண்ணெயும். ஹங்கேரியில் ஆப்ரிகாட்டுக்குப் பதில் பிளம்ஸ் பழமும் பட்டைத்தூளும். அவர்கள் எல்லோரும் தங்கள் பண்டமாக நினைக்கும் உருளைக்கிழங்கோ தென் அமெரிக்காவிலிருந்து கப்பல் ஏறி வந்தது. ஒவ்வொரு ஊரும் தன்னிடம் விளையும் பழத்தை அதில் வைத்திருக்கிறது. கிருஷ்ணகிரி தன் பழத்தை வைப்பதில் என்ன தவறு?

சுவாமிக்குப் படைப்பதில் தங்கள் வீட்டு முறையை விட வேண்டாம் என்பதில் மட்டும் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். எங்கள் வீட்டிலும் படைப்பது எள்ளும் தேங்காயும் வெல்லமும் சேர்ந்த பூரணம்தான்.

11 ஜூன்

நேற்றைய குறிப்பில் தயிர்ப்பாலாடைக் கட்டி என்றதும், அது நம் பன்னீரா என்று இருவர் கேட்டுவிட்டார்கள். பக்கத்து உறவு, ஆனால் அதுவே அல்ல. பன்னீர் கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறோ தயிரோ விட்டுத் திரிப்பது. அவர்களுடையது பாலை உறையூற்றிப் புளிக்க வைத்து, நீரை வடித்து எடுப்பது. மிருதுவாகவும் இலேசான புளிப்போடும் இருக்கும். கெட்டித் தயிரைத் துணியில் கட்டி இரவு முழுவதும் தொங்கவிட்டு, காலையில் அதில் சம அளவு பன்னீரை நன்றாகத் தேய்த்துக் கலந்தால் ஏறத்தாழ அந்தப் பதம் கிடைக்கிறது. ஆனால் இதில் பிசையும் மாவுக்கு ரவையும் மைதாவும் வேண்டும். அரிசி மாவோடு இது பிடிகொடுக்கவில்லை.

15 ஜூன்

கேள்வி கேட்ட தங்கை பெங்களூராவில் செய்து பார்த்து எழுதியிருக்கிறார். ஒன்றும் உடையவில்லையாம், ஆனால் பழத்தின் ஓரங்களில் நார் தட்டுகிறது என்கிறார். கொட்டையை ஒட்டி வெட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெங்களூரா நீண்ட பழம். இரண்டு பக்கக் கதுப்பையும் கொட்டைக்கு விரல் கனம் தள்ளியே வெட்டி எடுக்க வேண்டும். கொட்டையை ஒட்டிய சதையில்தான் புளிப்பும் நாரும் அதிகம். அதைச் சுரண்டிப் பச்சடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கதுப்பைத் தோல் சீவி, கட்டைவிரல் நுனி அளவுக்குக் கட்டமாக வெட்டி, துணியில் ஒற்றி எடுத்து, அதன்பின் வறுத்த தேங்காய்த் துருவலும் பொட்டுக்கடலை மாவும் கலந்த பொடியில் ஒரு முறை புரட்டிவிடுங்கள். மிஞ்சிய சாற்றை அந்தப் பொடி குடித்துக்கொள்ளும். இது வியன்னாவில் பார்த்தது அல்ல. வெல்லப் பூரணம் இளகிவிட்டால் என் அம்மா பொட்டுக்கடலை மாவு தூவுவார், அதிலிருந்து வந்தது.

16 ஜூன்

செந்தூராவில் செய்யலாமா என்று கேட்டவருக்கு: அது ஏப்ரல், மே மாதப் பழம், சாறு அதிகம், வேண்டாம். நீலம் கடைசியில் வருவது, மணம் நன்றாக இருக்கும், சதை சற்று இளக்கம். செங்காயாக இருந்தால் நீலத்திலும் செய்யலாம்.

22 ஜூன்

இன்று சந்தூர்ப் பக்கம் என் மாமாவின் தோப்புக்குப் போய் வந்தேன். இந்தக் கேள்வி பதில் இழையில் சமையலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று இருந்தேன். ஆனால் பெங்களூராவைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அதன் விலையைப் பேசாமல் போவது முறையல்ல.

இந்த மாவட்டத்து மாங்கூழ்த் தொழிற்சாலைகள் பெரும்பாலும் அரைப்பது பெங்களூராவைத்தான். அல்போன்சா அதற்கு அடுத்ததாக. சதை அதிகம், விளைச்சல் அதிகம், அடிபடாமல் வண்டி ஏறும் என்பதற்காகவே உழவர்கள் அதை ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். ஆனால் வீட்டுக்கு மாம்பழம் வாங்குகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. உப்பும் மிளகாய்த்தூளும் தடவிப் பள்ளிக்கூட வாசலில் விற்கும் காயாகவும், ஊறுகாயாகவும் மட்டுமே அது நமக்குத் தெரியும். வாங்குவது ஆலை ஒன்றே என்றால் விலையும் ஆலை சொல்வதே. இந்த ஆண்டு விலை சரிந்ததில் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல், மரத்தடியிலேயே பழத்தை விட்டிருக்கிறார்கள். மாமாவின் தோப்பில் நடக்கும்போது காலடியில் பழம் மிதிபட்டது.

ஒரு பண்டத்தால் விலை ஏறிவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் புளிப்பும் கெட்டிச் சதையும் குறை அல்ல, வேகவைக்கும் பண்டத்துக்கு அவையே தகுதி என்று நம் வீடுகளுக்குத் தெரிய வேண்டும். பேக்கரிக்காரர்களுக்கும் தெரிய வேண்டும். ஆண்டுதோறும் கிருஷ்ணகிரியில் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சியில் எத்தனையோ இரகங்களை அடுக்கி வைக்கிறார்கள். அந்த அரங்குகளுக்குப் பக்கத்தில் பெங்களூராவை வேகவைத்து, பொரித்து, சுட்டுக் காட்டும் ஓர் அடுப்பு இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

24 ஜூன்

பழுக்க வைப்பது பற்றி. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு) அளவுக்குள் பயன்படுத்த அனுமதி உண்டு. கல் வைத்த பழம் தோலில் சீராக மஞ்சளாகி, உள்ளே வெளுத்துப் புளிக்கும். ஓரம் குழைந்தும் நடு கெட்டியாகவும் இருக்கும். அந்தத் துண்டை வேகவைத்தால் பாதி கரைந்து பாதி கடிபடும். காயாக வாங்கி வீட்டில் வைக்கோல் பரப்பிப் பழுக்கப் போட்டால் நமக்கு வேண்டிய பருவத்தில் நாமே எடுத்துக்கொள்ளலாம். தினமும் கை வைத்துப் பார்க்க வேண்டும். பெங்களூரா செங்காயிலிருந்து பழமாவது நம் கண் முன்னால் நடந்துவிடும்.

30 ஜூன்

மேலே புரட்டும் தூள் பற்றி இதுவரை சரியாக எழுதவில்லை. பாதிச் சுவை அதில்தான் இருக்கிறது.

ஆஸ்திரிய முறை எளிது. காய்ந்த ரொட்டியைப் பொடித்து, வெண்ணெயை உருக்கி, மிதமான தீயில் கைவிடாமல் வறுத்து, பொன்னிறம் தாண்டிச் சற்றுச் சிவந்ததும் இறக்கி, சூடு குறைந்த பிறகு சர்க்கரை சேர்ப்பார்கள். சூட்டிலேயே சர்க்கரையைப் போட்டால் இளகிக் கட்டியாகும். நான் இங்கே பேக்கரி ரஸ்க்கைப் பொடித்து அப்படியே செய்தேன். ரஸ்க்கில் ஏற்கெனவே இனிப்பு இருப்பதால் சீக்கிரம் கருகுகிறது, தீயை மிகவும் குறைக்க வேண்டும். இனிப்பில்லாத பிரட்டை வெயிலில் காயவைத்துப் பொடிப்பது அதைவிட மேல்.

ஆனால் அரிசிச் சொப்பின் மேல் ரொட்டித் தூள் நிற்பதில்லை. அவித்த அரிசி மாவின் மேல்பரப்பு வழுவழுப்பானது. தூள் உதிர்ந்து தட்டில்தான் கிடக்கும். பல பொடிகளைப் போட்டுப் பார்த்த பிறகு இப்போது நான் வைத்திருப்பது இது: கறுப்பு எள்ளைப் படபடவென்று பொரியும் வரை வறுத்து, வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, இரண்டையும் கொரகொரப்பாகப் பொடித்து, அதோடு நெய்யில் வறுத்த ரவை கொஞ்சமும் நாட்டுச் சர்க்கரையும் ஏலமும். கொழுக்கட்டை பானையிலிருந்து இறங்கிய உடனே, மேலே ஈரம் இருக்கும்போதே, உருக்கிய வெண்ணெயைத் தடவி இதில் புரட்டினால் ஒட்டிக்கொள்ளும். எள்ளின் கசப்பு மாம்பழப் புளிப்போடு சேரும் இடம் எனக்கு வியன்னாவையும் நினைவூட்டவில்லை, அம்மாவின் அடுப்படியையும் நினைவூட்டவில்லை; இதற்கென்று தனிச் சுவை இருக்கிறது.

கசகசா சேர்க்க விரும்புகிறவர்கள் செக் நாட்டு வழக்கப்படி அதைப் பொடித்துத் தூவலாம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எள்தான் பிடித்திருக்கிறது.

3 ஜூலை

உருளைக்கிழங்கு மாவில் முட்டையில்லாமல் செய்ய வழி கேட்டிருந்தார்கள். அரைக் கிலோ பழைய கிழங்கு, நூறு கிராம் வறுத்த பச்சரிசி மாவு, ஐம்பது கிராம் ரவை, ஒரு மேசைக்கரண்டி ஜவ்வரிசிப் பொடி, ஒரு கரண்டி வெண்ணெய், உப்பு. புதுக் கிழங்கில் நீர் அதிகம், மாவுத்தன்மை குறைவு, அதைத் தவிர்த்துவிடுங்கள். பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட்டு உருட்டுங்கள். இதைக் கொதிநீரில் போட்டால் முட்டை இல்லாததாலும் கோதுமைப் பசை குறைவாக இருப்பதாலும் கரைந்துவிடும். இட்லித் தட்டில் ஆவியில்தான் வேகவைக்க வேண்டும். ஆஸ்திரியக் கிழங்கு மாவு, நம் ஊர் ஆவி. இரண்டு முறையும் உண்மையாகவே ஒன்றுக்கொன்று உதவிய இடம் என்று இதைத்தான் சொல்வேன். மேலே சொன்ன ரொட்டித் தூள் இந்த மாவில் அழகாகப் பிடிக்கிறது.

4 ஜூலை

ஆம், பால் கொழுக்கட்டையைப் போலப் பாலில் வேகவைக்கலாமா என்பது நல்ல கேள்வி. அரிசி மாவு தாங்கும். ஆனால் ஒரு சொப்பு வாய் திறந்தாலும் பெங்களூராவின் புளிப்பில் பால் திரிந்துவிடும். தேங்காய்ப் பாலில் அந்தப் பயம் குறைவு. தனியாக வேகவைத்து, பிறகு இளஞ்சூடான தேங்காய்ப் பாலை ஊற்றிப் பரிமாறுவதே நிம்மதி.

17 ஆகஸ்டு

சதுர்த்தி 27ஆம் தேதி வருகிறது. மரத்தில் பழம் இல்லையே, என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். இழையின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லியிருந்தால் ஜூலையில் கட்டம் கட்டமாக வெட்டி உறைபெட்டியில் போட்டு வைத்திருப்பீர்கள். அடுத்த ஆண்டுக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: தட்டில் தனித்தனியாகப் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் கொட்டி மூட வேண்டும். உறைந்த துண்டை உருகவிடாமல் அப்படியே சொப்புக்குள் வைக்கலாம். அவிக்கும் நேரத்தை மட்டும் இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள்.

இப்போதைக்கு இரண்டு வழிகள். ஒன்று, டின்னில் வரும் பெங்களூரா மாங்கூழ். அதை அடி கனத்த பாத்திரத்தில் ஊற்றி, மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும் வரை கிளறி, கடைசியில் மட்டும் வெல்லத்தூள் சேர்த்து, கையில் ஒட்டாத பதம் வந்ததும் தேங்காய்த் துருவல் போட்டு உருட்டினால் பூரணம் ஆயிற்று. வெல்லத்தை முதலிலேயே போட்டால் அடிபிடிக்கும், நிறமும் கறுக்கும். இன்னொன்று, தெலுங்கு வீடுகளில் மாமிடி தாண்ட்ரா என்று சொல்லும், சாற்றை அடுக்கடுக்காக வெயிலில் காயவைத்த மாம்பழத் தகடு. அதைச் சிறு துண்டாக்கி, வெந்நீர் தெளித்துச் சற்று இளக்கி, வறுத்த முந்திரியோடு வைத்தால் ஆவியில் நன்றாக இளகிக் கொடுக்கும். முழுப் பழத்தின் கடி இதில் வராது. ஆனால் புளிப்பு குறையாமல் இருக்கும்.

சீத்தாப்பழத்தில் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். விதையெடுத்த சதை கூழாகிவிடும், சூட்டில் மணமும் மாறும். அதைப் பழமாகவே சாப்பிடுவோம்.

28 ஆகஸ்டு

நேற்று மாமியார் படையலுக்குக் கடுபு செய்து முடித்த பிறகு, மீதி மாவில் மாங்கூழ்ப் பூரணம் வைத்து நான் சிலவற்றைப் பிடித்தேன். அவர் ஒன்றை இரண்டாகப் பிட்டு, பூரணத்தைத் தனியாகச் சுவைத்து, பிறகு சொப்போடு சேர்த்துச் சுவைத்து, அடுத்த முறை அரிசியில் பாதியைக் கேழ்வரகாக மாற்றிப் பார் என்றார். இந்த மாவட்டத்தில் பிறந்தவர் வேறு எதைச் சொல்வார்!

இன்றே செய்து பார்த்துவிட்டேன். கேழ்வரகிலும் இழுபசை இல்லை, ஆகவே கொதிநீரில் கிளறும் முறை அப்படியே. மாவை முதலில் வாசனை வரும் வரை வறுக்க வேண்டும். கேழ்வரகு தண்ணீரை மெதுவாகக் குடிப்பதால், கிளறியதும் தளர்வாகத் தெரியும். அவசரப்பட்டு மாவைக் கூட்டாமல் இருபது நிமிடம் மூடி வைத்தால் இறுகிவிடும். அவிக்கப் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். கேழ்வரகின் மண்வாசனை மாங்கூழின் இனிப்பை அடக்கி வைக்கிறது. எள்ளுப் பொடியைவிட வெறும் உருக்கிய வெண்ணெய்தான் இதற்குப் பொருத்தம்.

29 ஆகஸ்டு

மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்தால் கல்லாகிவிட்டது என்று எழுதியவருக்கு: வெந்த அரிசி மாவு குளிரில் மறுபடி இறுகும், அது கெட்டுப்போனதாகப் பொருள் இல்லை. ஐந்து நிமிடம் ஆவியில் வைத்தால் பழைய மென்மை பெரும்பாலும் திரும்பிவிடும். ஒரு முறைதான் அப்படிச் செய்யலாம். சேமித்து வைக்க வேண்டும் என்றால் உருளைக்கிழங்கு மாவில் செய்தவற்றை வேகவைக்காமலே உறையவைத்து, வேண்டும்போது எடுத்து நேராக ஆவியில் வைக்கலாம். வியன்னாவில் ஜூலை மாதம் உருட்டியதைக் கிறிஸ்துமஸ் வரைக்கும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள்.